ஒரு ஊசியில் போன வலி

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டு, பில் இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"என் கணவருக்கு 47 வயது. விசைத்தறிப் பட்டறையில் வேலை. இரண்டு மாதம் முன்பு ஒரு ராத்திரி, 11 மணிக்கு வேலை விட்டு வந்து பரோட்டா சாப்பிட்டுப் படுத்தவர், 2.30 மணிக்கு நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. பக்கத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போனதும் ஈசிஜி எடுத்தார்கள், ஒரு ஊசி போட்டார்கள். இருபதே நிமிடத்தில் வலி போய்விட்டது. அதோடு விட்டிருக்கலாம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை ரத்தம், நிற்க வைத்து எக்ஸ்ரே, ஸ்கேன். காலையில் சீட்டில் 'ஏ.பி.டி.' என்று எழுதி, ஆசிட் தொந்தரவுதான், ஸ்கோப் (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) பார்க்க வாருங்கள் என்று அனுப்பினார்கள். பில் 6,800 ரூபாய். ஒரு ஊசியில் போகிற கேஸ் வலிக்கு இத்தனை டெஸ்டா என்று இவருக்கு ஒரே கோபம். ஸ்கோப்புக்கு வர மறுக்கிறார். போன வாரம் மறுபடி அதே வலி. மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டு சோடா குடித்தார், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. 'பாத்தியா' என்கிறார். மற்றபடி சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. இடுப்பு வலிக்கு மட்டும் மெடிக்கலில் வாங்கி தினம் ஒரு மாத்திரை போடுவார், அது நன்றாகக் கேட்கிறது. பீடி உண்டு, குடி இல்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்களா டாக்டர்? இனி வலி வந்தால் வீட்டிலேயே மாத்திரை போட்டுப் பார்க்கலாமா? ஸ்கோப் அவசியமா?"

அன்புள்ள சகோதரி,

ஏமாற்றவில்லை. பில்லை வரி வரியாகப் பார்த்தேன். அதில் டைபாய்டு பரிசோதனை ஒன்று இருக்கிறது. காய்ச்சலே இல்லாத ஆளுக்கு அது எதற்கென்று எனக்கும் விளங்கவில்லை. அந்தப் பணத்துக்கு உங்கள் கணவர் தாராளமாகக் கோபப்படலாம். மற்ற எல்லாம், அன்றிரவு நான் டூட்டியில் இருந்திருந்தால் நானும் எழுதியிருக்கக்கூடியவைதான்.

வயிற்று வலிக்கு எதற்கு ஈசிஜி? அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற எங்களிடம் தினம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிற கேள்வி இது. இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தசைத் திரைக்கு நேர் கீழே இரைப்பை. இரண்டிலிருந்தும் வலியைச் சுமந்து போகிற நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்து வாசலில் நுழைகின்றன. எந்த வீட்டில் தீ என்று மூளைக்குச் சட்டென்று பிடிபடாது. இதயத்தின் அடிச்சுவருக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் சிலருக்கு மார்பு வலியே இருக்காது. நெஞ்சுக்குழியில் ஒரு பிடிப்பு, குமட்டல், ஏப்பம், வேர்வை, அவ்வளவுதான். "கேஸ்தான் சார்" என்று நோயாளியே சொல்லிக்கொண்டு வருவார். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இப்படி வேஷம் போட்டு வருவது இன்னும் சகஜம்.

47 வயது, பீடி, நடுராத்திரி, உடம்பெல்லாம் வேர்வை. இதைக் கேட்ட பிறகு வயிற்றைத் தொடுவதற்கு முன்பே ஈசிஜி எடுக்கச் சொல்வதுதான் சரி. வந்த பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்கு எழுதாத விதி மட்டுமல்ல, எழுதிய விதியும்கூட. அந்த முதல் ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் அதை நம்பி அனுப்பிவிட முடியாது. இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அது அளக்கிற அளவுக்கு ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். 2.30 மணிக்குத் தொடங்கிய வலிக்கு 3.15 மணிக்கு எடுத்த ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இரண்டாவது தடவை ஊசி குத்தியது அதற்காகத்தான்.

சரி, "ஒரு ஊசியில் போன வலி" விஷயத்துக்கு வருவோம். உங்கள் கணவரின் வாதம் முழுக்க நிற்பது இதன் மேல்தான். ஆனால் சீட்டைப் பார்த்தால் போட்டது ஒரு ஊசி இல்லை, மூன்று. அமிலத்தைக் குறைக்க பேன்டப்ரசோல், குமட்டலுக்கு ஆன்டன்செட்ரான், வலிக்கு டிரமடால். இருபது நிமிடத்தில் வலியை இறக்கியது அநேகமாக டிரமடால். அமில மருந்து அத்தனை அவசரமாக ஓடி வந்து வேலை செய்கிற ரகம் கிடையாது. டிரமடால் போட்டால் பித்தப்பைக் கல் வலியும் குறையும், கணைய வலியும் குறையும், மாரடைப்பு வலியும்கூடச் சற்று மட்டுப்படும். ஆக, வலி குறைந்ததை வைத்து அது ஆசிட் வலிதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜெலுசில் குடித்ததும் அடங்கிவிட்டது, அதனால் இதயம் இல்லை என்று சொல்வதும் இதே தவறுதான்.

என் ஆசிரியர்கள் காலத்தில், காரணம் தெரியும் வரை வயிற்று வலிக்காரருக்கு வலி மருந்தே தரக் கூடாது என்பார்கள். மருந்து நோயை மறைத்துவிடுமாம். மணிக்கணக்கில் மனிதர் துடித்துக்கொண்டு கிடப்பார். இப்போது அப்படிச் செய்வதில்லை. முதலில் வலியைக் குறைக்கிறோம், பிறகு நிதானமாகத் தேடுகிறோம். வலி போன பிறகும் டெஸ்ட் தொடர்ந்தது உங்களுக்கு விசித்திரமாகத் தெரிந்ததற்குக் காரணம் இந்த மாற்றம்தான்.

ஸ்கேன் பார்த்தது பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று. எண்ணெய் மிதக்கும் சால்னாவோடு பரோட்டா சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்த மேல்வயிற்று வலி என்றால் எனக்கும் முதலில் கல்தான் ஞாபகம் வரும். ரத்தத்தில் லைபேஸ் பார்த்திருக்கிறார்கள், அது கணைய அழற்சிக்கு. சர்க்கரையும் பார்த்திருக்கிறார்கள். சுகர் இருப்பதே தெரியாத சிலர் முதல் தடவையாக வயிற்று வலியும் வாந்தியுமாகத்தான் வருவார்கள். அவர்களுக்கு அமிலம் ஏறியிருப்பது வயிற்றில் இல்லை, ரத்தத்தில். 'ஆசிட் ஜாஸ்தி' என்று அனுப்பிவிட்டால் மறுநாள் நினைவிழந்து வருவார்கள்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து மிச்சம் நின்றதுதான் சீட்டில் இருக்கும் ஏ.பி.டி., அதாவது 'ஆசிட் பெப்டிக் டிசீஸ்'. அது ஒரே ஒரு வியாதியின் பெயர் இல்லை, ஒரு பொட்டலம். அமிலம் உணவுக்குழாய்க்குள் எதுக்களித்து ஏறுவது, இரைப்பையின் உள்தோல் வீங்கிச் சிவப்பது, இரைப்பையில் புண், அதைத் தாண்டி முன்சிறுகுடலில் புண், எல்லாமே இந்த ஒரே பொட்டலத்துக்குள் இருக்கின்றன. ராத்திரி மூன்று மணிக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வழியில்லை. உயிருக்கு அவசர ஆபத்து இல்லை என்று பார்த்துவிட்டு, பிரித்துப் பார்க்க ஒரு நாள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் போகவில்லை. என் வருத்தம் அங்கேதான்.

வருத்தத்துக்குக் காரணம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. "இடுப்பு வலிக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை." ஆஸ்பத்திரியில் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று நிச்சயம் கேட்டிருப்பார்கள். சீட்டில் 'இல்லை' என்று இருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் மாத்திரை என்றால் சுகர், பிரஷர் மாத்திரைதான். இடுப்பு வலி மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கோ முழுக் கடிதத்திலும் கண்ணில் உறுத்திய வரி அதுதான்.

இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சாறு சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ரத்தத்தில் இருப்பதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேலான அமிலத்தன்மை. கறித்துண்டைக் கரைக்கிற அந்தச் சாறு இரைப்பையையே ஏன் கரைப்பதில்லை? உள்சுவரின் மேல் வழுவழுவென்று ஒரு சளிப்படலம் பூசியிருக்கிறது. அதற்குள் அமிலத்தை முறிக்கிற கார உப்பு. அடியில் நல்ல ரத்த ஓட்டம். சேதமான செல்களுக்குப் பதில் சில நாட்களுக்கு ஒரு முறை புதுத் தோல். இந்தப் பாதுகாப்பு வேலைகளை எல்லாம் முடுக்கிவிடுகிற மேஸ்திரி புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் என்ன செய்கின்றன தெரியுமா? இடுப்பில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதும் அதே புரோஸ்டாகிளாண்டின் என்பதால், அதன் உற்பத்தியையே நிறுத்துகின்றன. இடுப்புக்கு நல்லது. வயிற்றில் மேஸ்திரி இல்லாமல் வேலை நின்றுபோகிறது. அமிலம் மட்டும் வழக்கம்போல் சுரக்கிறது.

இதனால்தான் "சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன், ஒன்றும் செய்யாது" என்பது எடுபடாது. "ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை" என்பதும் அப்படியே. ரத்தம் வழியாகப் போனாலும் மேஸ்திரிக்கு வேலை போகத்தான் செய்யும். பீடிப் புகை புண்ணை ஆற விடாது. சில கடைகளில் அட்டையைக் கத்தரித்து, கலர் கலராக மூன்று மாத்திரையைக் காகித கவரில் போட்டுத் தருவார்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருந்துவிட்டால் ஆபத்து இன்னும் பல மடங்கு. உங்கள் கணவருக்குக் கிடைப்பது எது என்று பாருங்கள். "நன்றாகக் கேட்கிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்கு அந்தச் சந்தேகத்தைக் கொடுக்கிறது.

இந்த மாத்திரைகளில் இன்னொரு வம்பும் உண்டு. புண்ணையும் உண்டாக்கிவிட்டு, அதன் வலி தெரியாமலும் பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்காக வலி மாத்திரை சாப்பிட்ட பலருக்கு, புண் இருக்கிறது என்று தெரிய வருகிற முதல் நாளே ரத்த வாந்தியோடோ குடலில் ஓட்டையோடோதான் விடியும்.

அந்த ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் நானே ஏமாறவிருந்தவன்.

பயிற்சி முடித்து முதல் வருடம். மாலை ஐந்து மணி வாக்கில் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. மதியம் 12 மணிக்கு சாரத்தில் நிற்கும்போது மேல்வயிற்றில் யாரோ கத்தியால் குத்தியதுபோல் வலித்ததாம். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். என்னிடம் வரும்போது, "இப்போ தேவலைங்க சார், முன்ன மாதிரி இல்லை" என்றார். நாடித்துடிப்பு கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். முட்டிவலி மாத்திரை சாப்பிடுவதுண்டா என்று நான் கேட்கவில்லை. பேன்டப்ரசோல் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். ஊசி போட வந்த மூத்த சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், வந்ததுல இருந்து அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் படுக்கலை, பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் என்றால் மனிதர் ஒரு இடத்தில் இருக்க மாட்டார். புரளுவார், எழுவார், சுவரில் முட்டிக்கொள்வார். வயிற்றின் உள்ளுறை அழன்றுபோன ஆள் அசையவே பயப்படுவார், மூச்சைக்கூட மேலோடு விடுவார். திரும்பிப் போய் வயிற்றில் கை வைத்தேன். பலகை. நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால், வலதுபுற உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே பிறைநிலா மாதிரி கருப்பாக ஒரு கீற்றுக் காற்று. குடலுக்குள் இருக்க வேண்டிய காற்று ஓட்டை வழியாக வெளியே வந்து மேலே ஏறி நிற்கிறது. உங்கள் கணவரை எதற்கு நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள் என்பதற்கும் இதுதான் பதில். படுத்திருந்தால் காற்று அங்கே ஏறாது. நிற்க வைத்தும் சிலருக்குத் தெரியாமல் போகும், அப்போது சி.டி. ஸ்கேன்.

"இப்போ தேவலை" என்று அவர் சொன்னது பொய்யில்லை. புண் குடைந்துகொண்டே போய்ச் சுவர் ஓட்டையானதும் அமிலம் வயிற்றறைக்குள் கொட்டுகிறது. வெந்த புண்ணில் வேல் பாய்ந்ததுபோல் அந்த முதல் இரண்டு மணி நேர வலி. அப்புறம் அந்த எரிச்சலுக்குப் பதிலாக வயிற்றறை தானே நீரைச் சுரந்து அமிலத்தை நீர்க்கச் செய்கிறது. வலி இறங்கும். வீட்டார் நிம்மதியாவார்கள், அனுபவமில்லாத டாக்டரும் நிம்மதியாவார். அரை நாள் கடப்பதற்குள் கிருமிகள் பெருகி, வயிறு உப்பி, ரத்த அழுத்தம் விழத் தொடங்கும். நடுவில் கிடைக்கிற அந்தப் பொய்யான ஓய்வில் ஆபரேஷன் மேசைக்குப் போகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிரைப் பணயம் வைக்கிறோம். கொத்தனாருக்கு அன்றிரவே ஆபரேஷன் நடந்தது. குடலுக்கு முன்னால் முந்தானை மாதிரி தொங்கும் கொழுப்புத் திரையில் ஒரு துண்டை எடுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைத்தார்கள். 1937-ல் கனடாவின் ரோஸ்கோ கிரஹாம் எழுதி வைத்த அதே முறை, இன்றும் அதுதான். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். அந்த சிஸ்டருக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: வீட்டிலேயே மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

சாப்பிட்டதும் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் தொண்டை வரை வருகிறது, ஆள் எழுந்து நடமாடுகிறார், வேர்வை இல்லை, இது பழகிய தொந்தரவுதான் என்றால் ஜெலுசிலோ வேறு அமில முறிவு மருந்தோ குடித்துவிட்டுப் பார்க்கலாம். தப்பில்லை. ஆனால் திடீரென்று, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று நிமிடம் சொல்லக்கூடிய வலி வந்தால் காத்திருக்காதீர்கள். வேர்வை, மூச்சுத் திணறல், மயக்கம், தாடைக்கோ கைக்கோ தோள்பட்டைக்கோ முதுகுக்கோ போகும் வலி, கல் மாதிரி இறுகிய வயிறு, அசையாமல் சுருண்டு கிடப்பது, ரத்த வாந்தி, காபித்தூள் கலந்ததுபோல் வாந்தி, இதில் எது இருந்தாலும் 108. மணி என்ன, யாரைத் துணைக்குக் கூப்பிடுவது என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்து இருவர் பிடித்துக்கொண்டு போகிற வேலையும் வேண்டாம், வழியில் மயங்கினால் மூவரும் விழுவீர்கள். வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள். சோடா, ஓமத் தண்ணீர், பெருங்காய மோர் எதுவும் வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது. இடுப்பு வலிக்கான அந்த மாத்திரையை இதற்கும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது என்று சொல்லவே வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நிறையப் பேர் போடுகிறார்கள்.

இன்னொன்று. வலி வந்தால் உடனே ஆஸ்பிரின் மெல்லுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. மாரடைப்பு என்று தெரிந்தால் ஆஸ்பிரின் உயிர் காக்கும். நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அந்த முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுக்கிற 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நடக்கிறது. ஆனால் வலி மேல்வயிற்றில், புண்ணோ ரத்தக் கசிவோ இருக்கலாம் என்கிற நிலையில், யாரும் பார்க்காமல் வீட்டில் ஆஸ்பிரின் போடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய். ஈசிஜி முடிவு சொல்லட்டும்.

போன வாரம் வலி தானாக அடங்கியதை உங்கள் கணவர் சாட்சியாகக் காட்டுகிறார். முன்சிறுகுடல் புண்ணின் குணமே அதுதான். வரும், சில நாள் வாட்டும், போகும், சில வாரம் ஆளையே காணோம், மறுபடி வரும். பசித்த வயிற்றிலும் நடுராத்திரி ஒன்று, இரண்டு மணிக்கும் எழுப்பிவிடுவது அதற்குப் பழக்கம். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை வந்ததை நான் 'சரியாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே ஸ்கோப் அவசியம். கடிதத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது என்பது ஒருபுறம். இவருடைய வயது, பீடி, வலி மாத்திரை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே பார்க்காமல் மாத்திரையை மட்டும் எழுதித் தர என் கை போகாது. பயப்படுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கோபத்துக்குப் பின்னால் இருப்பது அதுதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் காலையில் போனால் போதும். தொண்டையில் மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குழாய், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குமட்டும், வலிக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது, 6,800 ரூபாய் கவலை அங்கே வேண்டாம்.

குழாய் உள்ளே இருக்கும்போதே ஒரு துணுக்குச் சதையை எடுத்து ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 1980கள் வரை வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று உலகமே நம்பியது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இது கிருமி வேலை என்றார்கள். இத்தனை அமிலத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று சக மருத்துவர்கள் சிரித்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. ஸ்கோப் போட்டுப் பார்த்தால் இரைப்பை முழுக்க அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நான் படித்த காலத்தில் வார்டில் எந்தப் பெரியவர் சட்டையைத் தூக்கினாலும் நெஞ்செலும்பிலிருந்து தொப்புள் வரை அல்சர் ஆபரேஷன் தழும்பு ஓடும். இப்போது என்னிடம் வருகிற இளம் டாக்டர்களுக்கு அந்தத் தழும்பைப் பார்த்தால் என்னவென்று தெரியவில்லை.

கிருமி இருந்தால் 14 நாள் மருந்து. இரண்டு வகை ஆன்டிபயாடிக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்து வரும். வாய் இரும்பு நக்கியதுபோல் கசக்கும், ஐந்தாம் நாளே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால் கிருமி பிழைத்துக்கொண்டு அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாது. முடித்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று ஒரு பரிசோதனை. புண் முன்சிறுகுடலில் இல்லாமல் இரைப்பையில் இருந்தால், ஆறியதைப் பார்க்க இன்னொரு ஸ்கோப் கேட்பார்கள். அதற்கும் சண்டை போட வேண்டாம். இரைப்பைப் புண்களில் சில, புற்றுநோயின் வேஷம்.

பேன்டப்ரசோல் மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பாடு வரும்போதுதான் அமிலம் இறைக்கிற பம்புகள் ஓடத் தொடங்கும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்தால் பிடிக்க முடியும். வலி வரும்போது மட்டும் ஒன்று போடுவது இந்த மாத்திரைக்குச் சரிப்படாது. அதே சமயம் வருடக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரையும் இல்லை. எத்தனை வாரம் என்பதை ஸ்கோப் முடிவைப் பார்த்து டாக்டர் சொல்வார். ஸ்கோப்புக்கு முன் இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமிப் பரிசோதனை தப்பாகக் காட்டக்கூடும் என்பதால், தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. காரம் புண்ணை உண்டாக்காது. இருக்கிற புண்ணில் உறைக்கும், அவ்வளவுதான். பால் குடித்தால் ஆறும் என்பார்கள். சற்று நேரம் இதமாக இருக்கும், பின்னாலேயே அமிலம் கூடுதலாகச் சுரக்கும். 11 மணிக்குப் பரோட்டா தின்று உடனே படுப்பதை மட்டும் விடச் சொல்லுங்கள். ஷிப்டுக்கு நடுவில் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டால், வந்ததும் படுக்கலாம். பீடியை விட்டால் இதயத்துக்கும் சேர்த்து லாபம்.

அந்த இடுப்பு வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இருந்தால், மாதக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஒரு டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலிக்கு இப்போதைக்கு பாராசிட்டமால் போதும், வயிற்றைப் புண்ணாக்காது. தறியில் எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்கிற இடுப்புக்கு மாத்திரையைவிட ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்கிற பயிற்சி நன்றாகக் கேட்கும். இதயத்துக்காக டாக்டர் எழுதி ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

கடைசியாக, கேட்கச் சங்கடமான ஒரு கேள்வி. இந்த இரண்டு மாதத்தில் மலம் எப்போதாவது தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுவென்று, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போனதா? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருக்கும், ஆனால் இப்படிப் பிசுபிசுக்காது. ஆண்கள் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கே கேளுங்கள். போனது என்று சொன்னால் ஸ்கோப்புக்குத் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கே கூட்டிப் போங்கள். இல்லை என்றால் இந்த வாரத்துக்குள் ஒரு காலை. எதுவானாலும் கிளம்பும்போது அந்த மாத்திரைக் கவரையும் கையோடு எடுத்துப் போங்கள்.